படகை இழுக்காத யூட்டும் படகில் வந்த சனமும்



போன மாதம் நோபல் பார்க்கில் ஒரு பிறந்தநாள் வீடு. பின்வளவில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருக்க, கதிரைகளை வட்டமாகப் போட்டு வழக்கமான சண்டை தொடங்கியது. ஒரு பக்கம் ஐ.ரி. வேலை செய்யும் அண்ணை. போன வருசம் மின்சாரக் கார் எடுத்தவர், அதுக்குப் பிறகு வேறு கதையே இல்லை. மற்றப் பக்கம் ரைல் பதிக்கும் சித்தப்பா. வாசலில் அவருடைய டீசல் ஹைலக்ஸ், பின்பெட்டியில் சீமெந்துத் தூசி.

"சிட்னிக்குப் போகேக்க எத்தினை தரம் நிப்பாட்டி சார்ஜ் போடுவாய்? பின்னால டிரெய்லர் கொழுவினா என்ன செய்வாய்?"

"நீங்கள் வருசத்துக்கு எத்தினை தரம் சிட்னிக்குப் போறியள் சித்தப்பா? ஒருக்காத்தானே? அதுக்காக 364 நாளும் டீசல் குடிக்கிறியளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ரெண்டு பேரும் சொல்வதில் ஞாயம் இருக்கு, ரெண்டு பேரும் மற்றவரைக் கேட்கவில்லை. அப்ப ஓரத்தில் இருந்த பெடியன் ஒருத்தன், பெயின்ட் வேலை செய்யிறவன், மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, நானும் யூட் எடுக்கக் கடன் கேட்டனான். விசா முடியிற திகதிக்கு முதல் கடன் கட்டி முடிக்கவேணுமாம். என்ர விசா ஆறு மாதம்."

ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. யாரோ அவனுக்கு ஒரு கோப்பை சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். கதை கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த மாதக் கடிதம். 'ரேஞ்ச் கவலை' என்று இந்த நாட்டில் ஏழெட்டு வருசமாக ஒரு கதை ஓடுகிறது: மின்சார வாகனம் நடுவழியில் நின்றுவிடும், யூட்டை நம்பி வாழும் உழைப்பாளிக்கு அது சரிவராது என்று. வலதுசாரிகள் இதைப் பயம் காட்டப் பாவிக்கிறார்கள். பசுமை பேசும் நடுத்தர வர்க்கம் இதைக் கேட்டுச் சிரிக்கிறது. எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்பதைப் பற்றரி மட்டும் தீர்மானிப்பதில்லை, வாடகை, வரி, விசா என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன என்பதை ரெண்டு பகுதியும் சொல்வதில்லை.

சித்தப்பா சொல்வதில் உண்மை இருக்கு

எங்கட ஆக்களில் சிலருக்கு ஒரு பழக்கம்: யூட் ஓட்டுகிறவன் என்றால் படிக்காதவன், சூழலைப் பற்றி அக்கறை இல்லாதவன் என்று நினைப்பது. அதை முதலில் விடுங்கோ. கணக்கைப் பார்ப்பம்.

இந்த நாட்டில் முதலில் விற்பனைக்கு வந்த முழு மின்சார யூட் எல்.டி.வி. இ.ரி.60. 2022 கடைசியில் வந்தது. விலை ஏறக்குறைய 93,000 டொலர், றோட்டுச் செலவு வேறு. 88.5 கிலோவாட்-மணிப் பற்றரி. ஒரு முழு சார்ஜில் 330 கிலோமீற்றர் என்று தாளில் எழுதியிருந்தது. அந்த 330 ஐத் தந்த சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீற்றருக்கும் குறைவு. ஹியூம் நெடுஞ்சாலையில் 110 இல் போனால் கதை வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். யூட் என்பது காற்றை வெட்டிப் போகிற சாமானும் இல்லை, ஒரு பெட்டி. வேகமான சார்ஜரிலும் 80 வீதத்துக்குப் பிறகு மின்சாரம் ஏறுவது மெதுவாகிவிடும், ஆகவே நீண்ட பயணத்தில் பற்றரியின் முழுக் கொள்ளளவும் உங்களுக்குக் கிடைக்காது. மெல்பேர்ணில் இருந்து சிட்னி கிட்டத்தட்ட 880 கிலோமீற்றர். எத்தனை தரம் நிற்கவேணும் என்று நீங்களே பிரித்துப் பாருங்கோ.

பின்னால் ஒரு பாரமான டிரெய்லரைக் கொழுவினால் ஓடும் தூரம் பாதியாகலாம். டீசல் யூட்டுக்கும் எரிபொருள் கூடத்தான் செலவாகும், ஆனால் அதன் தாங்கி 80 லீற்றர், நிரப்ப ஐந்து நிமிசம். ஹைலக்ஸ் 3,500 கிலோ இழுக்கும், அந்த முதல் மின்சார யூட் இழுத்தது 1,000 கிலோ. சார்ஜ் போடும் இடங்களில் பல, கார் மூக்கை உள்ளே விட்டு நிற்கிற மாதிரிக் கட்டினவை. டிரெய்லரோடு போனால் முதலில் அதைக் கழற்றி எங்கேயாவது விடவேணும். இது ஒன்றும் டீசல் கொம்பனிக்காரன் பரப்பின வதந்தி இல்லை.

பிறகு வந்தவை கொஞ்சம் முன்னேறியிருக்கின்றன. அதே கொம்பனியின் இ-டெரோன் 9 க்கு 430 கிலோமீற்றர், 3,500 கிலோ இழுக்கும். 57,900 டொலருக்கு வந்த பி.வை.டி. ஷார்க் 6 பற்றரியும் பெற்றோலும் சேர்ந்தது, ஆகவே நடுவழியில் நிற்கிற பயம் இல்லை. 'பொறுத்திருங்கோ, தொழில்நுட்பம் எல்லாத்தையும் தீர்க்கும்' என்று அண்ணை சொல்லுவார்.

எப்படித் தீர்க்கிறது? பற்றரியைப் பெரிதாக்கித்தான். ஒரு இ.ரி.60 இன் பற்றரியை உடைத்துப் பங்கு போட்டால், ஓசூரில் செய்கிற ஏதர் 450எக்ஸ் மாதிரி 3.7 கிலோவாட்-மணி ஸ்கூட்டர் 24 க்குப் போதும். இ-டெரோனுக்கு 102 கிலோவாட்-மணி, 27 ஸ்கூட்டர். ஒரு ஆள் தனியாக வேலைக்குப் போக இவ்வளவு லித்தியம். அந்த லித்தியத்தில் ஒரு பெரும் பங்கை உலகத்துக்குத் தோண்டிக் கொடுப்பதும் இந்த நாடுதான், மேற்கு அவுஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் மாதிரிச் சுரங்கங்களில் இருந்து, பூர்வகுடிகளின் நிலத்தில்.

இவ்வளவு பெரிய வாகனம் எல்லாருக்கும் ஏன் தேவைப்பட்டது? 2016 இல் இருந்து 2024 வரை ஒவ்வொரு வருசமும் இந்த நாட்டில் அதிகம் விற்ற வாகனம் ஒரு யூட்தான், முதலில் ஹைலக்ஸ், பிறகு ரேஞ்சர். அது இயற்கையாக நடந்ததில்லை. சொகுசுக் கார் வரி காருக்கு உண்டு, சாமான் ஏற்றுவதற்கென்று செய்த யூட்டுக்கு இல்லை. 2020 ஒக்ரோபரில் இருந்து 2023 ஜூன் வரை, வியாபாரத்துக்கு வாங்கின யூட்டின் முழு விலையையும் ஒரே வருசத்தில் வரிக் கணக்கில் கழிக்க விட்டார்கள். அரசாங்கமே காசு கொடுத்து வாகனத்தைப் பெருக்க வைத்தது. பிறகு அதே பெரிய வாகனத்தைக் காட்டி, 'இதை மின்சாரத்தில் ஓட்ட ஏலாது, பாருங்கோ' என்கிறார்கள்.

பிரச்சினை சுவரில் இருக்கு

அண்ணையின் வாதம் இதுதான்: ஒரு சராசரிக் கார் இங்கே வருசத்துக்கு ஏறக்குறைய 12,000 கிலோமீற்றர் ஓடும். நாளுக்கு 33. அதுக்கு எந்த மின்சார வாகனமும் போதும், பயம் வீண்.

சராசரி என்பது ஒரு பொல்லாத சாமான். நோபல் பார்க்கில் இருக்கும் ரைல்காரன் காலமை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு மெல்ட்டனில், டார்னீட்டில், கிரேகிபேர்ணில் எழும்பும் புது வீடுகளுக்குப் போகிறான். நகரத்தின் தென்கிழக்கில் இருந்து மேற்கு மூலைக்கும் வடக்கு மூலைக்கும். போய் வர 120, 150 கிலோமீற்றர். அந்த வீடுகள் எங்கே கட்டப்படவேணும் என்று முடிவெடுத்தவன் அவன் இல்லை. ரைல் வெட்டும் மெசினையும் பத்துப் பெட்டி ரைலையும் ரயிலில் தூக்கிக்கொண்டு போகவும் ஏலாது.

சரி, 150 கிலோமீற்றர். இ.ரி.60 க்கு நூறு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 27 கிலோவாட்-மணி போகும், ஆகவே ஒரு நாள் வேலைக்கு 40. சாதாரண வீட்டுச் சுவர்ப் பிளக்கில் மணிக்கு 2.3 கிலோவாட்-மணி ஏறும். 40 ஏற 17 மணித்தியாலம் வேணும். பின்னேரம் ஆறு மணிக்கு வந்து காலமை ஐந்தரைக்கு வெளிக்கிடுகிறவனுக்கு 17 மணித்தியாலம் எங்கே இருக்கு? ஒரு நல்ல சுவர்ச் சார்ஜர், 7 கிலோவாட்டுக்கு, பொருத்தினால் ஆறு மணித்தியாலத்தில் முடியும். பொருத்த யாரைக் கேட்கவேணும்? வீட்டுக்காரனை. அவன் ஓம் எண்டால் அடுத்த முறை வாடகை கூடும். ஒரே காணியில் ஆறு யூனிட் என்றால் மற்ற உரிமையாளர்களையும் கேட்கவேணும். வாகனத்தை றோட்டில் விடுகிற வீடு என்றால் கேட்கவே ஏலாது.

பொதுச் சார்ஜருக்குப் போகலாம். அங்கே யூனிட்டின் விலை பல இடங்களில் வீட்டு விலையின் ரெண்டு மூன்று மடங்கு. வேலை முடிந்து களைத்து வந்து ஒரு ஷொப்பிங் சென்டர் கார்ப் பார்க்கில் குந்தியிருக்கவேணும். கூரையில் சூரியத் தகடு போட்ட சொந்த வீட்டுக்காரன் கிட்டத்தட்டச் சும்மா ஓடுவான், வாடகைக்கு இருப்பவன் அதே மின்சாரத்துக்கு மூன்று மடங்கு கட்டுவான். 2025 ஜூலையில் இருந்து மத்திய அரசு வீட்டுப் பற்றரிக்கும் கழிவு தருகிறது. நல்லது. வீடு இருக்கிறவனுக்கு.

இதைத்தான் நான் ரேஞ்ச் என்கிறேன். ஒரே யூட், ஒரே பற்றரி. சொந்த வீட்டு வாசலில் நின்றால் அது 330 கிலோமீற்றர் ஓடும். வாடகை வீட்டு றோட்டோரத்தில் நின்றால் அவ்வளவு தூரம் ஓடாது.

காசு எந்தப் பக்கம் ஓடுகிறது

2022 ஜூலை 1 இல் இருந்து மின்சாரக் காருக்கு ஒரு பெரிய வரிச் சலுகை இருக்கு. வேலை தரும் கொம்பனி ஊடாகக் காரைக் குத்தகைக்கு எடுத்தால், வரி கட்டுவதற்கு முதலே சம்பளத்தில் இருந்து காசு போகும், கொம்பனி கட்டவேண்டிய சலுகை வரியும் இல்லை. சம்பளம் எவ்வளவு கூடவோ வரி வீதம் அவ்வளவு கூட, மிச்சமும் அவ்வளவு கூட. அண்ணை அப்படித்தான் எடுத்தார். அவரில் பிழை இல்லை, சட்டம் தந்ததை எடுத்தார்.

இந்தச் சலுகை சம்பளக்காரருக்கு மட்டும். ஏ.பி.என். இல் வேலை செய்கிறவனுக்கு இல்லை. பெயின்ட், ரைல், கட்டட வேலை, டெலிவறி என்று எங்கட சனத்தில் எத்தனை பேர் ஏ.பி.என். இல் இருக்கினம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதிலும் பாதிப் பேர் உண்மையில் ஒரே முதலாளிக்கு ஐந்து வருசமாக வேலை செய்கிறவர்கள். சுப்பரும் லீவும் கொடுக்காமல் தப்புவதற்காக முதலாளி அவர்களை 'நீ சொந்த வியாபாரம்' என்று எழுத வைத்தான். விடுமுறையையும் களவெடுத்தான், அதோடு சேர்த்து வரிச் சலுகையும் போனது. அந்த ஷார்க் மாதிரிப் பெற்றோலும் சேர்ந்த வாகனங்களுக்கான சலுகையும் 2025 ஏப்ரல் 1 ஓடு முடிந்தது, அதாவது ஒரு டிரேடிக்குச் சரிவரக்கூடிய ஒரே வகைக்கு.

விக்ரோறியாவைப் பாருங்கோ. 2021 இல் மாநில லேபர் அரசு மின்சார வாகனத்துக்குக் கிலோமீற்றருக்கு 2.5 சதம் றோட்டு வரி போட்டது. கூடவே 3,000 டொலர் மானியம். மானியத்தை 2023 ஜூனோடு நிற்பாட்டினார்கள். வரியை அவர்கள் நிற்பாட்டவில்லை, அதே வருசம் ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம்தான் 'இதைப் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை' என்று தள்ளுபடி செய்தது. 2024 இல் மத்திய அரசு கடைசியாக ஒரு புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் இருந்து நடைமுறையில் இருக்கு. கார்க் கொம்பனிகள் சத்தம் போட, யூட்டுக்கும் பெரிய நாலு சில்லு இழுவை வாகனங்களுக்கும் விதியைத் தளர்த்தித்தான் நிறைவேற்றினார்கள்.

டிரேடிக்காக என்று சொன்னார்கள். டிரேடிக்கு அதில் என்ன கிடைத்தது? தொடர்ந்து டீசல் அடிக்கிற உரிமை.

படகுக் கதை

இப்ப வலதுசாரிக்கு வருவம். 2019 தேர்தலில் பில் ஷோர்ட்டன், 2030 இல் விற்கும் புதுக் கார்களில் பாதி மின்சாரமாக இருக்கவேணும் என்றார். அவ்வளவுதான், ஒரு இலக்கு. உடனே பிரதமர் ஸ்கொட் மொரிசன், ஷோர்ட்டன் உங்கட வார இறுதியையே இல்லாமல் செய்யப்போகிறார் என்றார். மின்சார வாகனம் உங்கட டிரெய்லரை இழுக்காது, உங்கட படகை இழுக்காது, நீங்கள் கூடாரம் அடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகாது என்றார். அவருடைய அமைச்சர் மிக்கேலியா காஷ், டிரேடிகளின் யூட்டைத் தாங்கள் காப்பாற்றுவோம் என்று சபதம் எடுத்தார்.

படகு என்ற சொல்லைக் கவனியுங்கோ.

இதே மொரிசன் 2013, 2014 இல் குடிவரவு அமைச்சர். படகில் வந்த சனத்தைத் திருப்பி அனுப்பியது அவருடைய காலம். 2014 டிசம்பரில், தற்காலிக விசாவையும் 'விரைவுப் பாதை' விசாரணையையும் சட்டமாக்கியவர் அவர். பிரதமரான பிறகும் அவருடைய அலுவலகத்தில் ஒரு வெற்றிச் சின்னம் இருந்தது: மீன்பிடிப் படகு வடிவத்தில் வெட்டின உலோகம், அதில் 'இவற்றை நான் நிறுத்தினேன்' என்று எழுதியிருந்தது.

ஒரே மனிசனுக்கு ரெண்டு படகு. ஒன்று வார இறுதிக்கு ஏரிக்குப் போகாமல் போய்விடுமோ என்று கண்ணீர் விட்டார். மற்றதை நிறுத்தினதுக்குத் தனக்குத் தானே கோப்பை வைத்தார். முதலாவது படகைக் கவலைப்படத் தகுந்த தூரம் என்றும் ரெண்டாவதை நிறுத்தத் தகுந்த தூரம் என்றும் தீர்மானித்தது ஒரே அரசியல். 'உழைக்கும் மக்களின் யூட்' என்று அவர்கள் சொல்லும்போது அந்தப் பின்வளவில் ஓரமாக இருந்த பெயின்ட்காரப் பெடியன் அதுக்குள் இல்லை. அவனுக்கு ஒரு பழைய யூட்டுக்குக்கூடக் கடன் இல்லை, அவர்கள் எழுதின சட்டத்தால்.

லேபர் வந்தது. 2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தது, கிட்டத்தட்ட 19,000 பேருக்கு. அதை வென்றெடுத்தவர்கள் பத்து வருசம் றோட்டில் நின்ற சனம். ஆனால் அந்த 'விரைவுப் பாதை'யில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை வெளியே விட்டுவிட்டார்கள். அந்த விசாரணை முறை நியாயமில்லை என்று எதிர்க்கட்சியில் இருக்கும்போது சொன்னதும் இதே லேபர். எங்கட பெடியன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். அவனுடைய ரேஞ்ச் ஆறு மாதம். ஒவ்வொரு ஆறு மாதமும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து, சார்ஜ் கிடைக்குமோ கிடைக்காதோ என்று காத்திருக்கவேணும்.

நடந்து போன தூரம்

ரேஞ்ச் கவலை எங்களுக்குப் புதிசில்லை. உங்கட அப்பா அம்மாவைக் கேளுங்கோ. 1990 இல் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் தடை. பற்றரியும் தடை, ரோர்ச்சுக்குப் போடும் சின்னப் பற்றரிகூட. சனம் ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினது. பழைய ஏ-40 களும் மொரிஸ் மைனர்களும் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். இதைப் பெருமையாக மட்டும் சொல்லாதையுங்கோ. அது ஒரு அரசாங்கம் ஒரு சனத்தின் தூரத்தைத் திட்டமிட்டுச் சுருக்கின கொடுமை. 2022 இல் இலங்கை முழுக்கப் பெற்றோல் வரிசையில் நின்று, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூ.ஆர். காட்டினபோது, வடக்கில் உள்ளவர்கள் 'இது எங்களுக்குப் பழசு' என்று சொன்னதும் அதனால்தான்.

யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை எப்பவும் அதிகாரம்தான் தீர்மானித்திருக்கிறது. இங்கேயும் அதுதான். ஷெப்பர்டனுக்கும் மில்டூராவுக்கும் பழம் பிடுங்கப் போகும் பெடியளிடம் கேளுங்கோ. மில்டூரா 540 கிலோமீற்றர், 'யூட் இல்லாமல் போகேலாது' என்பார்கள். ஒரு காலம் ஏலுமாயிருந்தது. வைன்லாண்டர் என்று இரவு ரயில் ஒன்று மெல்பேர்ணில் இருந்து மில்டூராவுக்கு ஓடினது. 1993 செப்டம்பரில் கென்னற் அரசாங்கம் அதை நிற்பாட்டினது. பொது மின்சாரச் சபையான எஸ்.ஈ.சி. ஐத் துண்டு துண்டாக விற்றதும் அதே கென்னற் அரசாங்கம். ரயிலையும் எடுத்தாச்சு, மின்சாரத்தையும் வித்தாச்சு. முப்பது வருசத்துக்குப் பிறகு வந்து, 'உன்ர யூட் மில்டூரா வரை ஓடுமோ?' என்று எங்களைக் கேட்கினம்.

2023 ஐ நினைத்துப் பாருங்கோ. பலரற்றில் இருந்த தமிழ் அகதி நீல் பாரா, ஆகஸ்ட்டில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நடந்து சிட்னியில் பிரதமரின் அலுவலகத்துக்குப் போனார். செப்டம்பரில், நடை முடியும் நேரத்தில், அவருடைய குடும்பத்துக்கு நிரந்தர விசா வந்தது. அந்த ஒரு குடும்பத்துக்கு. அதன் பிறகு 22 அகதிப் பெண்கள், தமிழரும் ஈரானியரும், மெல்பேர்ணில் இருந்து கன்பராவுக்கு 640 கிலோமீற்றர் நடந்தார்கள். 2024 இல் டொக்லாண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் இரவு பகலாக இருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் எங்களோடு இருந்த மனோ யோகலிங்கத்தை அந்த ஆகஸ்ட்டில் இழந்தோம். 23 வயது. சின்னப் பெடியனாகப் படகில் வந்தவன். நோபல் பார்க் றோட்டால் போகும்போது இன்னும் அவனை நினைக்காமல் போக ஏலாது.

அந்த நடைகளில் பின்னால் தண்ணியும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு மெதுவாக வந்த வாகனங்கள் எந்த எரிபொருளில் ஓடின என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்ப என்ன கேட்பது?

"எல்லாம் வர்க்கப் பிரச்சினை எண்டு சொல்லிப்போட்டு டீசலை அடிச்சுக்கொண்டு இருப்பமோ?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வெயில் கூடும்போது முதலில் விழுவது வெளியில் வேலை செய்யிறவன்தான், கூரையில் ஏறிப் பெயின்ட் அடிக்கிறவன்தான். டீசல் போகவேணும். யாருடைய தோளில் சுமையை வைத்துப் போகிறது என்பதுதான் சண்டை.

ஆகவே நாலு விசயம்.

ஒன்று, பிளக் ஒரு உரிமை. தண்ணிக் குழாய் மாதிரி. வாடகைக்கு இருப்பவர் சார்ஜர் கேட்டால் வீட்டுக்காரன் மறுக்க ஏலாது, செலவை வாடகையில் ஏற்ற ஏலாது என்று சட்டம் வேணும். வாடகை யூனிட்கள் நிறைந்த தெருக்களில் மின்கம்பத்திலேயே சார்ஜர் வேணும். விக்ரோறியா அரசு எஸ்.ஈ.சி. ஐ மீண்டும் கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்கிறது. அப்ப எஸ்.ஈ.சி. அதைப் போடட்டும், வீட்டு மின்சார விலைக்கே.

ரெண்டு, சலுகையைத் தலைகீழாக மாற்றவேணும். பெரிய சம்பளக்காரரின் குத்தகைக் காருக்குப் போகும் பொதுக் காசு, ஏ.பி.என். இல் வேலைக்கு ஓடுகிறவரின் யூட்டுக்கும் வானுக்கும் போகவேணும். போலி ஏ.பி.என். ஐ ஒழிக்க யூனியனோடு நிற்கவேணும்.

மூன்று, மில்டூரா ரயில். 2023 மார்ச்சில் இருந்து விக்ரோறியாவில் எந்த ஊருக்கும் ரயிலுக்கு ஒரே நாள் கட்டணம்தான். அது நல்ல வெற்றி. ஆனால் தண்டவாளம் இருந்தும் ரயில் ஓடாத ஊருக்குக் கட்டணம் குறைந்து என்ன பயன்?

நாலு, எல்லாருக்கும் நிரந்தர விசா. இதைச் சூழல் கோரிக்கைகளின் பட்டியலில் எழுதுங்கோ. பல்கலைக்கழகத்துக் காலநிலைக் குழுக்களில் இருக்கும் தோழர்கள் இதைக் கூட்டத்தில் எடுத்து வையுங்கோ. ஆறு மாத விசாவில் இருப்பவனை 'நீ ஏன் பழைய டீசல் யூட் ஓடுறாய்?' என்று கேட்கிற இயக்கம் எங்களுக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் திட்டம் போட விடாத ஒருத்தனிடம் 2050 ஐப் பற்றிக் கதைக்க எங்களுக்கு என்ன தகுதி?

கடைசியாக ஒன்று. அந்தப் பிறந்தநாள் வீட்டில் நானும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான் சோற்றுக்கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். போன ஞாயிறு அவனுக்கு போன் எடுத்தேன். ஒரு சிநேகிதனின் 2009 ஆம் ஆண்டு ஹைலக்ஸை நாளுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து ஓடுகிறானாம். ஓடோமீற்றரில் மூன்று லட்சத்து எண்பதாயிரம். "கன்பராவுக்கு அடுத்த முறை போகேக்க சொல்லுங்கோ அண்ணை, பனரும் ஸ்பீக்கரும் நான் ஏத்துறன், பின்பெட்டி பெரிசு" என்றான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவனையும் கூப்பிட்டிருக்கிறேன். அண்ணையையும் சித்தப்பாவையும்தான். நீங்களும் வாங்கோ. மின்சாரக் காரில் வருகிறவர்கள் ஆளுக்கு ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு வாங்கோ.

தோழமையுடன்,
நோபல் பார்க்கில் இருந்து